அரணுக்குள் அகப்பட்டவர்கள்

சென்னைக்கு மேற்கே திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் வேப்பம்பட்டுக்காரர்களுக்கு வேலூர் எட்டாத ஊர் அன்று. அரக்கோணம் போகும் புறநகர் வண்டியில் ஏறி, அங்கே வண்டி மாறினால், காட்பாடி வரை ஒரே இருப்புப்பாதை. தென்னாட்டில் முதன்முதலில் பயணிகள் வண்டி ஓடிய பாதையும் இதுவே. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்தில் புறப்பட்ட வண்டி ஆற்காட்டை ஒட்டிய வாலாஜா ரோடு வரை சென்றது. சரக்கையும் பயணிகளையும் போலவே படையையும் விரைந்து நகர்த்துவது அக்கால ரயில் பாதைகளின் நோக்கங்களுள் ஒன்று. அந்த வண்டி ஓடுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாத விடியற்காலையில், செய்தி கிடைத்ததும் ஆற்காட்டிலிருந்து வேலூருக்குக் குதிரையைத்தான் விரட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலைப்பொழுதுக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன் கோட்டை என்ற ஒன்றைப் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பழங்கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. கொடுமைகள் நடந்த கோட்டை என்றால் இருட்டறையும் சங்கிலியும் வதைக்கருவியும் இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஐரோப்பாவில் இந்த எதிர்பார்ப்பை ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டார்கள். 1483இல் இரு இளவரசர்கள் மறைந்துபோன, 1536இல் ஆன் பொலின் அரசியின் தலை வீழ்த்தப்பட்ட லண்டன் கோபுரத்தில், எந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லிக் காட்ட சீருடை அணிந்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள். வேலூரில் அப்படி ஒன்றும் இல்லை. புல்வெளி இருக்கிறது, நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள், கோயிலுக்கு வரும் குடும்பங்கள், காவலர் பயிற்சிப் பள்ளி, அரசு அருங்காட்சியகம், 1846ஆம் ஆண்டின் தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. கொடுமையின் அடையாளம் என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் எளிதில் அகப்படாது. இது குறை என்று நான் கருதவில்லை. மெழுகுப் பொம்மை இல்லாத இடத்தில் கல்லைத்தான் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்துவிட்டால் கல் நிறையவே சொல்லும்.

கல்லைப் படிக்கக் கருவி வேண்டும். நமக்குக் கைக்கெட்டிய கருவி திருக்குறளின் 75ஆம் அதிகாரம், ‘அரண்’. நீர், வெட்டவெளி, மலை, காடு என்று இயற்கை தரும் காப்புகளை வள்ளுவர் முதலில் எண்ணுகிறார். மதிலுக்கு உயர்வு, அகலம், உறுதி, நெருங்குதற்கு அருமை ஆகிய நான்கும் வேண்டும் என்கிறார். காக்க வேண்டிய வாயில் சிறிதாகவும் உள்ளே இடம் பெரிதாகவும் இருக்க வேண்டும். உணவு உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறார். பத்தாவது குறளில்தான் ஆசிரியரின் கை தெரிகிறது. இத்தனை சிறப்பும் கூடியிருந்தாலும், உள்ளே இருப்பவரிடம் செயல்திறம் இல்லையானால் அரண் இருந்தும் இல்லாததே என்று முடிக்கிறார். ஒன்பது குறள்களில் கட்டிய மதிலைப் பத்தாவதில் மனிதரின் கையில் ஒப்படைத்துவிடுகிறார்.

இந்த அளவுகோலோடு வேலூர்க் கோட்டையின் முன் நின்று பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில், விசயநகரப் பேரரசுக்கு அடங்கிய சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் உருவானது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. பரப்பு 133 ஏக்கர். அகழ்ந்தெடுத்ததால் அகழி; இங்கு அது வாய்க்கால் அளவில் இல்லை, ஏரியின் ஒரு துண்டைப் போல அகன்று கிடக்கிறது. சூரியகுண்டம் என்ற நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியே அகழிக்குத் தண்ணீர் வந்தது. ஆயிரக்கணக்கில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அகழியை அடுத்துத் தாழ்ந்த வெளிமதில். அதன் பின்னே உயர்ந்த உள்மதில். இடையிடையே வட்டக் கொத்தளங்களும் சதுரப் பிதுக்கங்களும். பெரும் கருங்கற்பாளங்களின் மேல் செங்கல்லால் ஆன கைப்பிடிச் சுவர் ஓடுகிறது. அந்தச் சுவரில் துப்பாக்கி முனையை நீட்டுவதற்கான துளைகள் வரிசையாக உள்ளன. ஒரு துளையில் கண் வைத்துப் பார்த்தால் அகழித் தண்ணீரும் அக்கரையும் தெரியும். அடுத்த துளையிலும் அதுவே. பகை எத்திசையில் வரும் என்று கட்டியவர் நினைத்தாரோ அத்திசைக்கு மட்டுமே அவற்றுக்குப் பார்வை உண்டு.

பகை அத்திசையிலிருந்து வந்தபோதெல்லாம் கோட்டை தன் வேலையைச் செம்மையாகவே செய்தது. 1677-78இல் மராட்டியர் முற்றுகையிட்டனர். நகருக்குக் கிழக்கேயுள்ள குன்றுகளில் அரண் அமைத்து மேலிருந்து குண்டு வீசினர். ஓராண்டுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்த பிறகே கோட்டை சரணடைந்தது. 1780 முதல் 1782 வரை ஹைதர் அலியின் படை சூழ்ந்து நின்றது, உள்ளே பட்டினி வந்தது, கோட்டை விழவில்லை. வள்ளுவரின் முதல் ஒன்பது குறள்களுக்கு வேலூர் ஏறக்குறைய உரையாகவே நிற்கிறது. வெளியிலிருந்து உடைக்க அரிய கோட்டை இது.

இங்கேதான் ஓர் அடுக்கு கீழே இறங்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வர அரிது என்றால், உள்ளிருந்து வெளியே போவதும் அரிது. அகழி இரு திசைக்கும் அகழிதான். ‘காவல்’ என்ற சொல்லை நாம் பாதுகாப்புக்கும் சொல்கிறோம்; ஒருவரைப் பிடித்து வைப்பதற்கும் சொல்கிறோம். வேலூரில் அவ்விரண்டும் ஒரே மதிலால் நடந்தன. இதன் வரலாற்றை நூற்றாண்டு நூற்றாண்டாகப் புரட்டினால், இங்கே ஆண்டவர்களைவிட இங்கே அடைபட்டவர்களின் பெயர்களே நினைவில் நிற்கின்றன. இந்த மதிலுக்குள் சிந்திய இரத்தத்தில் மிகக் கொடியதாக நினைக்கப்படுவது மதிலேறி வந்த அந்நியர் சிந்தியதும் அன்று. ஒரே வாயிலைக் காத்து, ஒரே கிணற்றில் நீர் குடித்தவர்கள் ஒருவரையொருவர் சிந்தவைத்தது. இதைக் காட்ட இரண்டு நிகழ்ச்சிகள் போதும்.

முதலாவது 1614இல் தொடங்குகிறது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் அழிந்தபின், ஆரவீடு மரபினர் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்தனர். அவர்களுள் ஆற்றல் மிக்கவர் இரண்டாம் வேங்கடர். வேலூரை நாயக்கரிடமிருந்து கைப்பற்றியவரும் அவரே. 1614 அக்டோபரில் அவர் இறந்தார். இறக்கும் முன் தம் உடன்பிறந்தார் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக்கினார். அரண்மனையில் வேறொரு பிள்ளையும் இருந்தான். அரசிகளுள் ஒருத்தி தன் மகன் என்று வளர்த்த பிள்ளை. உண்மையில் அரசருக்குப் பிறந்தவன் அல்லன் என்று உள்ளேயே பேசப்பட்டவன். அந்த அரசியின் உடன்பிறந்தவன் ஜக்கராயன். தன் மருமகன் அரியணை ஏறினால் ஆட்சி தன் கையில் இருக்கும் என்பது அவன் கணக்கு. அவனும் கூட்டாளிகளும் ஸ்ரீரங்கரையும் குடும்பத்தையும் பிடித்து அடைத்தனர். பெருந்தலைவர்களுள் வேலுகோட்டி யாசம நாயக்கர் மட்டும் இணங்காமல் படையோடு விலகி நின்றார்.

இதற்குப் பின் நடந்ததை நமக்கு விரிவாகச் சொல்பவர் மனுவேல் பர்ராடாஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி. 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை, ராபர்ட் சிவெல் 1900இல் வெளியிட்ட விசயநகர வரலாற்று நூலில் சேர்த்தார். யாசம நாயக்கர் தரப்பு அரச குடும்பத்தை மீட்க வழி தேடியது. அழுக்குத் துணி எடுக்க வரும் வண்ணாருக்கு மட்டும் கோட்டைக்குள் போக்குவரத்து தடைபடவில்லை. ஸ்ரீரங்கரின் பிள்ளைகளுள் ஒருவனான இராமதேவன் என்ற சிறுவனை அந்த வண்ணார் அழுக்கு மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டு வந்துவிட்டார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னாளில் மராட்டியர் ஓராண்டுக்கு மேல் முட்டி மோதிய மதில், ஹைதரின் படையால் ஆகாத மதில்; ஒரு துணி மூட்டை அதைக் கடந்துவிட்டது. காவலர் மூட்டையைப் பார்த்தார்கள், அழுக்கைப் பார்த்தார்கள், தொட மனம் வரவில்லை. அகழியின் அகலத்தையும் மதிலின் உயரத்தையும் கணக்கிட்டவர்கள், யாருடைய கை தீண்டத்தகாதது என்று தாங்களே வகுத்துவைத்த கட்டுப்பாடு ஒரு திறந்த வாயிலாகும் என்று கணக்கிட்டிருக்க மாட்டார்கள். (காவலர் மனத்தைப் பற்றிய இந்த வாசிப்பு என்னுடையது, பர்ராடாஸ் செய்தியைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்.)

ஒரு பிள்ளை தப்பியது மற்றவர்களுக்கு எமனாக முடிந்தது. உயிரோடு இருக்கும் அரசர் என்றும் மீட்கப்படலாம் என்பதை ஜக்கராயன் உணர்ந்தான். ஸ்ரீரங்கர் அடைபட்டிருந்த இடத்துக்குத் தன் சகோதரனை அனுப்பினான். அடைபட்டிருந்த அரசர் தாமே தம்மையும் தம்மவரையும் மாய்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் வந்தவர்கள் அதைச் செய்வார்கள் என்ற தேர்வு முன்வைக்கப்பட்டது. அரசியும் பிள்ளைகளும் அரசரும் அன்று மாண்டனர். தம்மவர் மீது வாளை வீசும் நிலைக்கு அரசரே தள்ளப்பட்டார் என்பது கடிதம் தரும் செய்தி. விசயநகரத்தின் பெயரைச் சுமந்த மரபு, ஒரு பகைநாட்டு வீரனும் கண்ணுக்கெட்டிய தொலைவில் இல்லாத ஓர் அறைக்குள், இப்படி ஏறக்குறைய வேரறுந்தது.

கோபம் நாடெங்கும் பரவியது. தப்பிய சிறுவனின் பக்கம் யாசம நாயக்கரும் தஞ்சை இரகுநாத நாயக்கரும், எதிர்ப்பக்கம் ஜக்கராயனும் மதுரை நாயக்கரும் நின்றனர். திருச்சிக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயன் மடிந்தான். இராமதேவராயர் 1632 வரை ஆண்டார். ஆண்டார் என்பதற்குப் பெரிதாகப் பொருள் இல்லை. அரசின் உள்வலு அந்த அறையிலேயே போய்விட்டது. ஒவ்வொரு நாயக்கரும் தத்தம் பகுதியில் தனியரசராயினர். அடுத்து வந்த அரசரின் காலத்தில், 1639இல், வந்தவாசித் தலைவர் தாமர்ல வேங்கடாத்திரி கடற்கரையில் ஒரு மணல் துண்டை ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்தார். அவர் சகோதரர் ஐயப்பர் இருந்தது நம் பூந்தமல்லியில். அந்த மணல் துண்டில் எழுந்ததுதான் புனித ஜார்ஜ் கோட்டை. வேலூர்ச் சிறையில் நடந்தது நடவாதிருந்தால் சென்னையே எழுந்திராது என்று சொல்ல வரலாறு இடம் தராது. வலுவான பேரரசர் ஒருவர் வேலூரில் இருந்திருந்தால், பேரம் அவ்வளவு எளிதாக முடிந்திருக்குமா என்று ஐயுற இடம் தருகிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வேப்பம்பட்டிலும் வாழ்கிறவர்கள் அந்தப் பேரத்தின் பிள்ளைகள்தாம்.

இரண்டாவது நிகழ்ச்சி அந்த மணல் துண்டில் காலூன்றிய கம்பெனி வேலூருக்கு வந்த பிறகு நடந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தபின், அவர் மக்களையும் மனைவியரையும் கம்பெனி வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வந்து வைத்தது. அரண்மனை கொடுத்தார்கள், படிப்பணம் கொடுத்தார்கள், வாயிலில் காவலும் போட்டார்கள். இன்று ஹைதர் மகால், திப்பு மகால் என்று அழைக்கப்படும் கட்டடங்களின் பெயர் அந்தக் காலத்தின் எச்சம். 1806இல் கோட்டைக்குள் மூன்று வகையினர் இருந்தனர்: அடைபட்ட அரச குடும்பம், மதராஸ் படையைச் சேர்ந்த மூன்று அணிகளின் சிப்பாய்கள் சுமார் 1,500 பேர், 69ஆம் படைப்பிரிவின் நான்கு கம்பெனிகளாக ஆங்கிலேயர் சுமார் 370 பேர். சிறையாளியும் காவலனும் காவலனைக் காப்பவனும் ஒரே மதிலுக்குள்.

அந்த மதிலுக்குள் நெருப்பை வைத்தது ஒரு தலைப்பாகை. 1805 நவம்பரில் மதராஸ் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் புதிய தலைப்பாகைக்கு ஆணையிட்டார். வட்டமாக, தோல் பட்டையோடு, வெள்ளைக்காரரின் தொப்பியைப் போலவே இருந்தது அது. அடுத்த மார்ச்சில் வந்த விதிகள், அணிவகுப்பில் சாதிக்குறியும் நெற்றியில் சமயச் சின்னமும் கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றன. விபூதியும் நாமமும் அணிந்தவனுக்கும் தாடி வளர்த்தவனுக்கும் ஒரே நாளில் ஒரே மனக்குறையைத் தந்த ஆணை இது. இருவேறு சமயத்தாரை இவ்வளவு விரைவில் ஒன்றுசேர்க்க வேறு யாராலும் முடிந்திருக்காது. மே மாதத்தில் மறுத்தவர்களுள் இருவருக்கு, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும், தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. தொள்ளாயிரம் என்ற எண்ணை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். சவுக்கு ஒரு முதுகில் விழும் ஓசையை அத்தனை முறை எண்ணிப் பார்ப்பதற்கே நெடுநேரம் ஆகும். தோழர்கள் அணிவகுத்து நின்று பார்க்க வேண்டும் என்பதும் படைத்துறைத் தண்டனையின் ஒரு பகுதி. கோட்டை வரலாற்றின் குரூரத்தை வாளிலும் பீரங்கியிலும் மட்டும் தேடுபவர்கள் இந்தப் பதிவேட்டுக் குரூரத்தைத் தவறவிடுவார்கள்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதத்தில் தன் மேலதிகாரியிடம் சென்று, உள்ளே சதி நடக்கிறது என்று சொன்னான். அதிகாரி அது உண்மையா என்று இந்திய அதிகாரிகளையே விசாரித்தார். சதியில் இருந்தவர்களே விசாரிக்கப்பட்டவர்கள். அவனுக்குப் பைத்தியம் என்றார்கள்; அவனை விலங்கிட்டு அடைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் அவனுக்கு வெகுமதி கிடைத்தது. மதிலின் துளைகளுக்கு உள்நோக்கிப் பார்வை இல்லை என்று முன்பு சொன்னேன். கோட்டையின் தலைவர்களுக்கும் அந்தப் பார்வை இல்லை.

ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டையில் திருமணம். மறுநாள் காலை படைப்பயிற்சி என்பதால், வழக்கமாக வெளியே பேட்டையில் தங்கும் சிப்பாய்கள் பலரை அன்றிரவு கோட்டைக்குள்ளேயே படுக்கச் சொல்லியிருந்தார்கள். 10ஆம் தேதி விடியுமுன், இரண்டு மூன்று மணியளவில் துப்பாக்கிகள் வெடித்தன. படைவீட்டின் சன்னல்கள் வழியே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளையும் விட்டுவைக்கவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த கோட்டைத் தலைவர் கர்னல் ஃபான்கோர்ட் சுடப்பட்டு இறந்தார். அதிகாரிகள் 14 பேரும் 69ஆம் படைப்பிரிவின் 115 பேரும் அன்று மாண்டதாகக் கணக்கு. மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. எஞ்சிய ஆங்கிலேயர் சிலர், உதவி மருத்துவர்களின் தலைமையில், வாயில் மேலுள்ள மதிலில் ஒண்டிக்கொண்டனர், குண்டுகள் தீர்ந்தன, துப்பாக்கிமுனைக் கத்திகள் மட்டும் மிச்சம்.

இவ்விடத்தில் வள்ளுவரின் பத்தாவது குறள் மறுபடி வருகிறது. கோட்டை இப்போது சிப்பாய்களின் கையில். அகழி அவர்களுடையது, மதில் அவர்களுடையது, பீரங்கிகளும் அவர்களுடையவை. அவர்கள் தூக்குப்பாலத்தைத் தூக்கவில்லை. வெளிவாயிலை அடைத்துக் காவல் போடவில்லை. ஒரு பகுதியினர் கொள்ளையில் இறங்கினர். அன்றிரவு கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் என்ற அதிகாரி ஆற்காட்டுக்கு ஆள் விட்டார். சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்த குதிரைப்படைத் தலைவர் ரோலோ கில்லெஸ்பி, முழுப்படை திரளும் வரை காத்திராமல் சிறு குழுவோடு முன்னே பாய்ந்து வந்தார். வாயிலை அடைந்தபோது அவர் கையில் கதவை உடைக்கப் பீரங்கி இல்லை. மேலே ஒண்டியிருந்தவர்கள் தங்கள் இடுப்பு வார்களை முடிச்சிட்டுக் கயிறாகத் தொங்கவிட்டு அவரை மதில்மேல் இழுத்தார்கள். அன்று வெளியிலிருந்து வந்து முதலில் மதிலைத் தாண்டிய ஒருவரும் உள்ளிருந்தவர் நீட்டிய கைப்பிடியால்தான் தாண்டினார். பின்தொடர்ந்து வந்த குதிரைப் பீரங்கிகள் கதவை உடைத்தன. குதிரைப்படை உள்ளே பாய்ந்தது.

விடியுமுன் நடந்தது கொலை. விடிந்தபின் நடந்ததற்கும் வேறு பெயர் இல்லை. போர்க்களத்தில் விழுந்தவர்களை விட்டுவிடலாம். அரண்மனைக்குள் அடைக்கலம் தேடி ஒளிந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, ஒரு சுவரோரம் நெருக்கி நிறுத்தி, அனைவரும் சாயும் வரை சிறுகுண்டுகள் அடைத்த பீரங்கியால் சுட்டார்கள். விசாரணை இல்லை, பெயர் கேட்கவும் இல்லை. வாயிலை உடைத்த பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டன் அங்கே நின்று பார்த்தவர். 1829இல் வெளியான தம் நினைவு நூலில் அவர் எழுதியிருப்பது, வேலூரைப் பற்றி நான் படித்தவற்றுள் மிகவும் கலங்கவைத்த பகுதி. அந்தக் காட்சியைத் தாம் ஏறத்தாழ அமைதியாகவே பார்க்க முடிந்தது என்கிறார். அது உடனடி நீதி, எல்லா வகையிலும் முறையானது என்கிறார். அத்தோடு நிற்காமல், இவ்வளவு காலம் கழித்து அச்செயலைச் சரியென்று ஒப்பவும் கடினமாக இருக்கிறது, அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம் மனநிலைக்குக் காரணம் சொல்லவும் கடினமாக இருக்கிறது என்று சேர்த்துக்கொள்கிறார். முறையானது என்ற தீர்ப்பும், ஒப்ப முடியாத மனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டில் ஒன்றை அவர் அடித்துவிட்டிருக்கலாம். அடிக்காமல் விட்டதே அந்தச் சாட்சிக்கு மதிப்பு.

அன்று மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பது குறைந்த கணக்கு. முறைப்படி விசாரணை நடந்தபின் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடு கடத்தப்பட்டனர். மூன்று அணிகளும் கலைக்கப்பட்டுப் படைப்பட்டியலிலிருந்து நீங்கின. தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர்; பெண்டிங் பின்னாளில் தலைமை ஆளுநராக மீண்டு வந்து 1829இல் உடன்கட்டையைத் தடை செய்தார். கில்லெஸ்பி 1814இல் டேராடூன் அருகே கலுங்காக் கோட்டையின் முன் சுடப்பட்டு இறந்தார். அங்கே கயிறு நீட்ட உள்ளே யாரும் இல்லை.

இந்நிகழ்ச்சியைக் கலகம் என்பதா, புரட்சி என்பதா, முதல் விடுதலைப் போர் என்பதா என்று நெடிய வழக்கு உண்டு. 2006இல் இருநூறாம் ஆண்டுக்கு அஞ்சல்தலை வெளியிட்டு அரசு தன் தரப்பைச் சொல்லிவிட்டது. எழுச்சி என்ற சொல் எனக்கு ஏற்புடையது. ஆனால் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், மருத்துவமனைக் கட்டிலில் சுடப்பட்டவனும் சுவரோரம் நிறுத்தப்பட்டவனும் அச்சொல்லுக்குள் அடங்காமல் வெளியே நிற்பார்கள். தன் பக்கத்தவரைக் கொன்றது மட்டும் கொடுமை என்று சொல்லும் வரலாறு இரு பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். காலியான காவலுக்கு அடுத்த அரசர் வந்து சேர்ந்தார். 1815இல் பிடிபட்ட கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கர், மறு ஆண்டு இங்கே கொண்டு வரப்பட்டார். நாயக்கர் வழியில் வந்து, கண்ணுசாமி என்று பெயர் பெற்றிருந்த அவருக்கு இது ஒருவகையில் மூதாதையர் நாட்டுக்குத் திரும்பியதுதான். 1832 ஜனவரி 30 அன்று இறக்கும் வரை கைதியாகவே இருந்தார். இரக்கம் கொள்ள வேண்டிய முடிவு. ஆனால் 1814இல் தம்மை எதிர்த்த அமைச்சர் எகலப்பொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் கண்டியில் கொல்ல ஆணையிட்டவரும் இவரே. இலங்கையில் அந்தக் கதையைப் பிள்ளைகளும் அறிவார்கள். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கரின் பிள்ளைகள் மாண்ட கோட்டையில், வேறொருவரின் பிள்ளைகளை மாய்த்த அரசர் கைதியாக மூப்படைந்தார். இதில் ஊழின் கையைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் நிர்வாகத்தின் வழக்கத்தையே பார்க்கிறேன். முடியிழந்தவர்களை வைக்க நல்ல மதில் எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

கோட்டைக்குள் நிற்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கும் இந்த அடுக்குகளில் ஓர் இடம் உண்டு. படையினர் அதை ஆயுதக் கிடங்காக்கியிருந்த காலம் நீண்டது. மூர்த்தி வெளியே சத்துவாச்சாரியில் இருந்தார். 1981 மார்ச்சில்தான் கோயிலுக்குத் திரும்பினார். தெய்வத்தைக் காக்கவும் கோட்டைக்கு வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது என்பதை, கல்யாண மண்டபத்து யாளிகளை வியந்துவிட்டு நகர்பவர்கள் நின்று எண்ணுவதில்லை. கோயிலிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கவழி உண்டு என்ற நம்பிக்கையும் ஊரில் உண்டு. ஆய்வாளர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை புரிகிறது. இத்தனை பேர் அகப்பட்டு மாண்ட இடத்தில், தப்பிப்போக ஒரு வழி இருந்திருக்க வேண்டும் என்று மக்கள் மனம் தோண்டிக்கொண்டே இருக்கிறது.

போகிறவர்கள் மதில்மேல் ஏறி முதலில் ஒரு சுற்று நடந்துவிட்டு, பிறகு உள்ளே இறங்குவது நல்லது. மதிலிலிருந்து வெளியே பார்க்கும்போது கட்டியவர் கண்ணால் பார்க்கிறோம். இறங்கி உள்ளே நின்று மதிலைப் பார்க்கும்போது அடைபட்டவர் கண்ணால் பார்க்கிறோம். கோட்டைக்கு எதிரேயுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் 1806இல் மாண்ட ஆங்கிலேயருக்கு நினைவுக்கல் இருக்கிறது. பாலாற்றங்கரையில் கண்டி மன்னருக்கு முத்துமண்டபம் இருக்கிறது. 1614க்கு என்று தேடினால் பர்ராடாஸின் கடிதம்தான். சில பக்கங்கள்தாம், போகுமுன்பே படித்துவிடுங்கள். பார்த்துவிட்டு வந்து படித்தால் மறுபடி ஒருமுறை போக நேரும்.